முகத்தை மறைக்கும் சுவரொட்டி: தமிழ்ப் பேய்ப்படங்களும் அவற்றின் விளம்பரக் கலையும்

தமிழ் சினிமா விளம்பரம் முகத்தை மூலதனமாக வைத்து வளர்ந்த கலை. 1957-ல் 'வணங்காமுடி' வெளியானபோது சென்னை சித்ரா தியேட்டரில் மோகன் ஆர்ட்ஸ் நிறுத்திய சிவாஜி கணேசனின் பிரம்மாண்டமான கட்-அவுட் ஒரு மைல்கல். 1978-ல் 'பைரவி'க்காக விநியோகஸ்தர் எஸ். தாணு பிளாசா தியேட்டரில் எழுப்பிய ரஜினிகாந்தின் 35 அடி கட்-அவுட் இன்னொன்று. கதை என்ன, இயக்குநர் யார் என்பதெல்லாம் பிறகு. முகம் தெரிந்தால் கூட்டம் வரும் என்பதே இத்தொழிலின் பாலபாடம்.

பேய்ப்படம் இந்தப் பாடத்தோடு நேருக்கு நேர் மோதுகிறது. பார்த்துப் பழகிய முகம் தைரியம் தரும். சுவரில் நாயகன் சிரித்துக்கொண்டு நின்றால், எந்தப் பேய் வந்தாலும் அவர் பார்த்துக்கொள்வார் என்ற நிம்மதி பார்ப்பவருக்கு வந்துவிடும். பயம் அங்கேயே வடிந்துவிடும். முகத்தை எடுத்துவிட்டாலோ, யார் படம் என்று தெரியாமல் கூட்டம் கடந்துபோய்விடும். முகத்தை வைத்தே பிழைத்த ஒரு தொழில், முகத்தை மறைத்தாக வேண்டிய படங்களை எப்படி விற்றது? இதுவே இக்கட்டுரையின் கேள்வி. இதற்குத் தமிழ் விளம்பர ஓவியர்கள் கண்ட விடைகள் கவனமான ஆய்வுக்கு உரியவை. இரவல் வாங்கிய உத்திகள் அவற்றில் உண்டு. ஆனால் மிகச் சிறந்தவை நம் ஊர்ச் சுவரிலிருந்தும், அச்சுக்கூடத்திலிருந்தும், அச்சத்தைப் பற்றிய நம் சொந்த அறிவிலிருந்தும் பிறந்தவை.

ஐந்து நொடி

சுவரொட்டியைப் பற்றிப் பேசும்போது அது ஒட்டப்படும் இடத்தை விட்டுவிட்டுப் பேசுவதில் பொருளில்லை. அரக்கோணத்தை எடுத்துக்கொள்வோம். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை இவ்வூர் வழியாகவே சென்றது. ஜோலார்பேட்டைப் பாதையும் ரேணிகுண்டா பாதையும் பிரியும் சந்திப்பாகி, ரயிலோடு வளர்ந்த ஊர் இது. இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருந்தாலும், அரக்கோணம் பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்தது. படங்களை ஏரியா பிரித்து விற்கும் சினிமா வியாபாரத்தில் வட ஆற்காடும் தென் ஆற்காடும் சேர்ந்து ஒரே பகுதி. மாவட்டங்கள் எத்தனை முறை பிரிந்தாலும் அந்தப் பழைய எல்லைக் கணக்கு சினிமாக்காரர்களிடம் அழியவில்லை.

அரக்கோணத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் ஏராளம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழிற்சாலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் ஷிப்ட் முடித்து இரவில் வீடு திரும்புகிறவர்களும் அப்படியே. இவர்கள் யாரும் சுவரொட்டியை நின்று பார்ப்பதில்லை; கடந்துபோகும்போது கண்ணில் படுவதுதான். ஒரு எளிய கணக்குப் போடலாம். நிலையத்தை நெருங்கி வேகம் குறையும் ரயில் மணிக்கு 15 கிலோமீட்டரில் ஊர்கிறது என்றால், நொடிக்குச் சுமார் 4 மீட்டர் நகர்கிறது. பாதையோரச் சுவரில் உள்ள படம் 20 மீட்டர் தொலைவில் கண்ணுக்குத் தெளிவாகிறது என்றால், அது கடந்து மறைய 5 நொடி. அந்த 5 நொடிக்குள் இது பேய்ப்படம் என்று புரிய வேண்டும், பெயர் மனத்தில் பதிய வேண்டும், ஏதோ ஒன்று புரியாமலும் மிஞ்ச வேண்டும். மூன்றாவதுதான் கடினம். எல்லாம் புரிந்துவிட்ட படத்தை மனம் அடுத்த நிலையத்திலேயே மறந்துவிடும்.

இடத்தைப் போலவே வெளிச்சமும் வடிவமைப்பைத் தீர்மானிக்கிறது. அந்தி மயங்கும் நேரத்தில் மனிதக் கண்ணின் நிற உணர்வு மாறுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கின்யே கவனித்துச் சொன்ன உண்மை இது: வெளிச்சம் குறையக் குறையச் சிவப்பு கறுத்துப்போகும், நீலமும் பச்சையும் அதே வேளையில் ஒப்பீட்டளவில் பளிச்சென்று தெரியும். பகலில் ரத்தமாகத் தெரிந்த சிவப்பு, இருட்டத் தொடங்கியதும் வெறும் கறையாகிவிடும். பச்சை பூசிய முகமோ அப்போதுதான் சுவரைவிட்டு வெளியே வரும். தெருவில் மஞ்சள் நிற சோடியம் விளக்கு எரிந்த காலத்தில் சிக்கல் இன்னும் அதிகம். அந்த வெளிச்சத்தில் சிவப்பும் நீலமும் சேர்ந்தே மங்கும்; மிஞ்சுவது கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான். பழைய பேய்ப்பட விளம்பரங்களில் முகத்தின் ஒரு பாதி முழுக் கறுப்பிலும் மறுபாதி வெளிறிய பச்சையிலும் இருப்பதைப் பலர் மலிவான ரசனை என்று ஒதுக்குகிறார்கள். பகல், அந்தி, இரவு என்று மூன்று வெளிச்சத்திலும் வேலை செய்யும் தேர்வு அது.

தொல்காப்பியம் சொல்லும் நான்கு வாயில்கள்

எதைக் கண்டு பயப்படுகிறோம் என்ற கேள்விக்கு மேற்கத்தியத் திரை ஆய்வில் விடை தேடுகிறவர்கள் பிராய்டிடம் போவார்கள்; அல்லது 1990-ல் அச்சமூட்டும் கலை பற்றித் தனி நூல் எழுதிய தத்துவ அறிஞர் நோயல் கரோலிடம் போவார்கள். நமக்கு அதற்கு வெகுகாலம் முந்தைய ஒரு பட்டியல் கையில் இருக்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது நான்கு வாயில்களில் பிறக்கும் என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. வருத்தும் தெய்வ சக்தி, கொடிய மிருகம், மறைந்திருந்து தாக்கும் மனிதர், தண்டிக்கும் அதிகாரம்.

இந்த நான்கையும் விளம்பரப் பலகையில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு வேறு வடிவம் கேட்பது புரியும். விலங்கை முழுதாகக் காட்டலாம். 1979-ல் வந்த 'நீயா?' போன்ற பாம்புப் படங்களுக்கு, பாம்பு படமெடுத்து நிற்பதே போதுமான அழைப்பு. 'ஜாஸ்' படத்தின் உலகப் புகழ்பெற்ற சுவரொட்டியிலும் சுறா வாயைப் பிளந்து வெளிப்படையாகவே தெரிகிறது. மேலே நீந்தும் பெண்ணுக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும் என்பதில்தான் அச்சம். கள்வர் வகைக்கு, அதாவது கொலைகாரன் யார் என்று தேடும் படங்களுக்கு, உறுப்பு ஒன்று போதும்: கையுறை போட்ட கை, சாவித்துவாரத்தில் ஒரு கண். ஏவி.எம். தயாரித்து ஏ.சி. திருலோகசந்தர் இயக்கிய 'அதே கண்கள்' (1967) தலைப்பிலேயே அந்த உறுப்பைத் தேர்ந்துகொண்டது. இறை என்ற வாயில் நம் அம்மன் படங்களில் திறக்கிறது. கோடி ராமகிருஷ்ணா 1995-ல் தெலுங்கில் இயக்கி, தமிழிலும் பரவலாக ஓடிய 'அம்மன்' வகைப் படங்களில் உக்கிர முகம் நேராக, பெரிதாக, கண்ணை விரித்து வரும். அங்கே முகத்தை மறைக்கத் தேவையில்லை. கும்பிடுகிறவருக்கும் குற்றம் செய்தவருக்கும் ஒரே முகம் இரண்டு பொருளைத் தரும்.

வேலூர் வட்டாரத்தில் இந்தக் கடைசி வகைக்குக் கூடுதல் பலம் உண்டு. மாசி மாதம் மகா சிவராத்திரியை ஒட்டி நடக்கும் அங்காளம்மன் மயானக் கொள்ளை பாலாற்றங்கரையில் பெரும் திருவிழா. காளி வேடமிட்டவர்கள் நாக்கைத் துருத்தி, முகத்தில் நிறம் பூசி, மயானத்துக்கு ஆடிப்போகும் காட்சியைச் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்கிற ஊர்கள் இவை. தெருக்கூத்திலும் முகப்பூச்சின் நிறமே பாத்திரத்தின் குணத்தைச் சொல்லிவிடும். இத்தகைய பார்வையாளருக்குப் பச்சையும் சிவப்பும் பூசிய முகம் புதிய மொழி ஆகாது. படிக்கத் தெரிந்த பழைய மொழிதான்.

சிக்கல் முதல் வாயிலான அணங்கில்தான். அணங்குக்கு நிலையான உருவம் கிடையாது. உருவம் கொடுத்தவுடன் அது பாதி அச்சத்தை இழக்கிறது. இங்கே மெய்ப்பாட்டியலின் இன்னொரு பகுதி உதவுகிறது. மருட்கை என்னும் வியப்பு புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கில் பிறக்கும் என்கிறது அது. ஒன்று மற்றொன்றாக மாறுவதே ஆக்கம் என்று உரை வழி கொள்ளலாம். அணங்கின் விளம்பரம் அச்சத்தை மட்டும் நம்பினால் தோற்கும். மருட்கையையும் கூட்டிக்கொண்டால் நிற்கும். 'ரோஸ்மேரிஸ் பேபி' (1968) படத்துக்கு ஸ்டீபன் பிராங்க்பர்ட்டும் பிலிப் கிப்ஸும் செய்த சுவரொட்டி இதற்குச் சிறந்த உதாரணம். பச்சை நிறத்தில் மல்லாந்து கிடக்கும் நாயகியின் பக்கவாட்டு முகம் ஒரு மலைபோல் விரிகிறது. அதன்மேல் பாறையில் சின்னஞ்சிறு குழந்தை வண்டி ஒன்று நிழலுருவாக நிற்கிறது. பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. முகம் நிலமாக மாறியிருப்பது ஆக்கம். பெரிய முகத்துக்கு முன் சிறிய வண்டி என்பது பெருமையும் சிறுமையும். நட்சத்திரத்தின் முகம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அது நம்மைப் பார்க்கவில்லை.

தலைப்பே பேயாக

முகத்தை மறைத்தால் அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? தமிழ்ப் பேய்ப்படங்கள் கண்ட முதல் விடை எழுத்து. சத்யம் இயக்கத்தில் ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்த 'யார் நீ?' (1966) தலைப்பிலேயே கேள்வி வைத்தது. 1985-ல் சக்தி-கண்ணன் இயக்கத்தில் 'யார்' வந்தது. 'பைரவி'க்கு 35 அடியில் முகம் எழுப்பிய அதே தாணு, ஜி. சேகரனோடு சேர்ந்து தயாரித்த படம் அது. முகத்தின் விலையை நன்றாக அறிந்த ஒருவர், முகம் தெரியாததைத் தலைப்பாக வைத்த படத்தில் பணம் போட்டார். ஹாலிவுட்டில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1931-ல் வந்த 'பிராங்கன்ஸ்டைன்' படத்தின் தொடக்கப் பெயர்ப் பட்டியலில் பூதமாக நடித்தவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி மட்டுமே இருந்தது. போரிஸ் கார்லாப் என்ற நடிகர் அந்தக் கேள்விக்குறியிலிருந்துதான் நட்சத்திரமாக வெளியே வந்தார்.

கேள்வியை அடுத்து வீடு, எண், இடம். இயக்குநர் பேபியின் '13-ஆம் நம்பர் வீடு' (1990), விக்ரம் கே. குமாரின் 'யாவரும் நலம்' (2009), அஜய் ஞானமுத்துவின் 'டிமான்டி காலனி' (2015) மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். முதலாவது ஒரு கதவிலக்கத்தையே தலைப்பாக்கியது. இரண்டாவதன் இந்தி வடிவத்துக்கு '13பி' என்று பெயர். தமிழிலோ கடிதத்தில் எழுதும் ஒரு சாதாரண நலச்செய்தியையே அச்சமாக மாற்றியது. மூன்றாவது, சென்னை ஆழ்வார்பேட்டையில் உண்மையிலேயே இருக்கும் தெருவின் பெயரை எடுத்துக்கொண்டது. பெயரைப் படிக்கும் சென்னைக்காரருக்கு அங்கே பஸ்ஸில் போன நினைவு வரும். விளம்பரத்தில் வேறெதுவும் இல்லாவிட்டாலும் அந்த நினைவே பாதி வேலையை முடித்துவிடும்.

இத்தகைய தலைப்புகளைக் கையால் எழுதியவர்கள் தனிக் கவனத்துக்கு உரியவர்கள். கணினிக்கு முந்தைய காலத்தில் படத்தின் தலைப்பு எந்த அச்செழுத்திலும் கிடைக்காது. ஓவியர் தூரிகையால் எழுதுவார். பேய்ப்படத் தலைப்பில் எழுத்தின் கால்களை நீட்டிச் சொட்டவிடுவது, புள்ளியைக் கண்ணாக்குவது, தடித்த கோட்டின் நடுவே விரிசல் விடுவது எல்லாம் வழக்கமான வேலைகள். இதில் உள்ள நுட்பம் அளவு. எல்லா எழுத்தும் சொட்டினால் படிக்க முடியாது. ஓரெழுத்து மட்டும் கெட்டு, மற்றவை நேராக நின்றால்தான் கண் அந்த ஓரெழுத்தில் சிக்கும். ராபர்ட் பிளாக்கின் 'சைக்கோ' நாவலின் (1959) அட்டைக்கு டோனி பல்லடினோ செய்த எழுத்து வடிவம் இதே அறிவைத்தான் காட்டுகிறது: நேரான தடித்த எழுத்துகளைக் குறுக்கே கிழித்துச் சற்றே இடம் பெயர்த்து வைத்தார், அவ்வளவுதான். ஹிட்ச்காக் 1960-ல் படம் எடுத்தபோது அந்த எழுத்தையே தன் விளம்பரத்துக்கும் எடுத்துக்கொண்டார்.

வாசகத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. இதய பலவீனம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பார்க்க வேண்டாம் என்ற எச்சரிக்கையைத் தமிழ்நாட்டுப் பேய்ப்பட விளம்பரங்களில் பார்க்காதவர் குறைவு. அது தடை போலத் தோன்றும் அழைப்பு. அமெரிக்கத் தயாரிப்பாளர் வில்லியம் காசில் 1958-ல் 'மகாப்ரே' படத்துக்கு வந்த ஒவ்வொருவருக்கும், பயத்தில் இறந்தால் 1,000 டாலர் தரும் காப்பீட்டுச் சான்றிதழ் கொடுத்தார். 2008-ல் ராம் கோபால் வர்மா, 'பூங்க்' படத்தைத் தியேட்டரில் தனியாக உட்கார்ந்து பார்ப்பவருக்கு 5 லட்சம் ரூபாய் என்று அறிவித்தார். அஸ்வின் சரவணனின் 'மாயா' (2015) இந்தச் சவாலையே கதைக்குள் கொண்டுவந்தது: நயன்தாராவின் பாத்திரம் பணத்துக்காகத் தனியாகப் பேய்ப்படம் பார்க்கிறது; ஆரியின் பாத்திரம் ஒரு பத்திரிகையின் ஓவியர். பேயை வரைகிறவரும் பேயைப் பார்க்கிறவரும் ஒரே வலையில் சிக்கும் கதை அது. தமிழில் விளம்பரக் கலையின் அச்சத்தையே பொருளாகக் கொண்ட படம் என்ற வகையில் 'மாயா' தனி இடம் பெறுகிறது.

ரயில் நிலையக் கடையின் அட்டைகள்

பேய்ப்படச் சுவரொட்டிக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு: மாத நாவலின் அட்டை. ரயில் நிலையப் புத்தகக் கடைகளிலும் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடைகளிலும் கொடிகட்டித் தொங்கிய 'மாலைமதி', 'ராணிமுத்து', 'க்ரைம் நாவல்', 'பாக்கெட் நாவல்' போன்றவை பல தலைமுறை வாசகர்களுக்கு மர்மத்தை மலிவு விலையில் தந்தன. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, இந்திரா சௌந்தர்ராஜன் ஆகியோரின் வாசகர்களில் பெரும்பகுதி பயணிகளே. அரக்கோணம் போன்ற சந்திப்பில் வண்டி மாற நிற்பவர் ஒரு நாவலை வாங்கினால் சென்ட்ரல் வருவதற்குள் படித்து முடித்துவிடலாம்.

அட்டையின் விதிகள் சுவரிலிருந்து வேறுபட்டவை. கடைக்காரர் புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரித்து அடுக்குவார், அல்லது கயிற்றில் கிளிப் போட்டு மாட்டுவார். முழு அட்டை கண்ணில் படுவது அபூர்வம். மேல் விளிம்பும் இடப்பக்கமும்தான் தெரியும். ஆகவே இதழின் பெயர், எழுத்தாளர் பெயர், ஒரு ஜோடிக் கண் ஆகியவை மேல் பாதியிலேயே வந்துவிட வேண்டும். எழுத்தாளரின் பெயரே நட்சத்திர முகத்தின் இடத்தைப் பிடித்ததால் ஓவியருக்குச் சுவரொட்டியில் கிடைக்காத சுதந்திரம் இங்கே கிடைத்தது. ஜெயராஜ், மாருதி, அரஸ், ஷ்யாம் போன்றவர்களின் கோடுகள் பத்திரிகை வாசகர்களின் கண்ணைப் பயிற்றுவித்தன. சென்னையின் பிளாப்ட் பதிப்பகம் 2008-ல் தமிழ் மர்ம நாவல்களின் ஆங்கிலத் தொகுப்பைக் கொண்டுவந்தபோது, உள்ளே உள்ள கதைகளுக்கு இணையாக அந்த அட்டை மரபையும் ஒரு கலையாக மதித்துப் பேசியது.

சினிமாப் பத்திரிகைகளின் அட்டைகள் இந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தவில்லை. 'பேசும் படம்', 'பொம்மை' போன்ற இதழ்களின் அட்டை பெரும்பாலும் நடிகையின் அழகிய முகத்துக்கே உரியதாக இருந்தது. பேய்ப்படத்தில் நடித்தவரும் அங்கே புன்னகையோடுதான் வருவார். அமெரிக்காவில் 1958-ல் தொடங்கிய 'பேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆப் பிலிம்லேண்ட்' இதழ் இதைத் தலைகீழாக்கியது. பாசில் கோகோஸ் வரைந்த அட்டைகளில் பூதமே நட்சத்திரம். ஒரு கன்னத்தில் பச்சை ஒளி, மறு கன்னத்தில் சிவப்பு ஒளி என்று, அழகிக்குத் தரும் மரியாதையைக் கோர முகத்துக்குத் தந்தார். பேய்க்கென்று ஓர் இதழ் தமிழ் சினிமாவில் வேரூன்றாமல் போனதால், நம் பேய்கள் வந்த வாரத்தோடு மறைந்தன.

நாவல் அட்டையும் படச் சுவரொட்டியும் ஒன்றையொன்று வளர்க்க முடியும் என்பதற்கு 'ஜாஸ்' சாட்சி. ரோஜர் காஸ்டல் வரைந்த அந்தச் சுறா முதலில் பேண்டம் பதிப்பகத்தின் மலிவுப் பதிப்பு அட்டைக்காக வந்தது. 1975-ல் படக் கம்பெனி அதையே எடுத்துக்கொண்டது. வாசகர் கடையில் பார்த்த படமே சுவரில் மீண்டும் வந்தபோது புத்தகமும் படமும் ஒன்றுக்கொன்று விளம்பரமாயின. தமிழில் எழுத்தாளர்கள் திரைக்குப் போனார்கள், சுபா இரட்டையர் திரைக்கதை எழுதினார்கள், இந்திரா சௌந்தர்ராஜனின் 'மர்ம தேசம்' நாகாவின் இயக்கத்தில் தொலைக்காட்சியில் பெரும் வரவேற்புப் பெற்றது. அட்டை ஓவியங்கள் மட்டும் அந்தப் பயணத்தில் ஏறவில்லை. இது நாம் தவறவிட்ட வாய்ப்பு.

அச்சுக்கூடத்தில்

பழைய முறையில் ஒரு பேய்ப்படச் சுவரொட்டி உருவான விதத்தை அருகில் போய்ப் பார்ப்போம். படப்பிடிப்பில் எடுத்த ஸ்டில்கள் கறுப்பு வெள்ளைப் பிரதிகளாக வடிவமைப்பாளரின் மேசைக்கு வரும். அவர் தேவையான முகத்தைக் கத்தரித்து அட்டையில் ஒட்டுவார். ஒட்டிய விளிம்பைப் பெயிண்டால் மறைப்பார்; முகத்தின்மேல் வண்ணம் ஏற்றுவார்; பின்னணியை வரைவார்; தலைப்பை எழுதுவார். பேய்ப்படத்தில் இந்த ஒட்டு வேலை ஒரு வரமாக மாறியது. வேறு வேறு வெளிச்சத்தில் எடுத்த முகங்களை ஒரே இடத்தில் சேர்க்கும்போது நிழல்கள் ஒத்துப்போகாது. குடும்பப் படத்தில் அது குறை. பேய்ப்படத்தில் அந்த ஒவ்வாமையே திகிலைத் தரும்.

பிறகு சிவகாசி. 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலுக்கு லேபிள் அச்சடிக்க வளர்ந்த அச்சகங்கள், காலண்டரையும் சினிமா போஸ்டரையும் நாட்டுக்கே அச்சடித்துக் கொடுக்கும் அளவுக்கு உயர்ந்தன. நான்கு வண்ணத்துக்கு நான்கு பிளேட். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தாள் மறுபடி இயந்திரத்துக்குள் போக வேண்டும். வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ரிஜிஸ்டர் சற்றே பிசகினாலும் உதட்டுக்கு வெளியே சிவப்பு வழியும். சிறு பட்ஜெட் பேய்ப்படங்களுக்கு வண்ணத்தைக் குறைப்பது செலவைக் குறைக்கும் வழி. கறுப்போடு சிவப்போ பச்சையோ சேர்ந்தால் போதும் என்ற சிக்கனம், அந்தப் படங்களின் தோற்றத்தையே வகுத்துவிட்டது.

பெரிய சுவரொட்டிகள் பல தாள்களாக அச்சாகிச் சுவரில்தான் ஒன்றுசேரும். தாள் சேரும் கோடு எங்கே விழும் என்பதை வடிவமைப்பாளர் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். கோடு கண்ணின் நடுவே போனால், ஒட்டுகிறவர் கை அரை அங்குலம் விலகினாலும் முகம் கோணிவிடும். அதனால் கண்கள் ஒரே தாளுக்குள் அடங்கும்படி வைப்பார்கள். ஒட்டுகிறவர்கள் வேலை செய்வது பெரும்பாலும் இரண்டாம் ஆட்டம் முடிந்தபின். காய்ச்சிய மைதாப் பசை வாளியும் நீளக் குச்சியில் கட்டிய பிரஷ்ஷும் சைக்கிளுமாகத் தூங்கும் ஊரைச் சுற்றி வருவார்கள். மாடு தின்றுவிடாமல் இருக்கப் பசையில் துத்தம் கலப்பதுண்டு. தியேட்டர் பெயரும் காட்சி நேரமும் அச்சான சிறிய துண்டுச் சீட்டைக் கீழே தனியாக ஒட்டுவார்கள். சிவகாசியில் பிறந்த பொதுவான அச்சம் உள்ளூர் அச்சமாக மாறுவது அந்தத் துண்டுச் சீட்டில்தான்.

சுவருக்குச் சான்றிதழ் இல்லை

ஒரு கேள்வியை இங்கே தவிர்க்க முடியாது. பேய்ப்படத்துக்குத் தணிக்கை உண்டு. 2023-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 7, 13, 16 என்று வயது வாரியான பிரிவும் உண்டு. விளம்பரத்தில் சான்றிதழ் வகையைக் குறிப்பிட வேண்டும் என்ற விதியும் நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் தியேட்டர் வாசலில் நிறுத்தப்படும் குழந்தை, பள்ளிக்கூடம் போகும் வழியில் அதே படத்தின் சுவரொட்டியைத் தினமும் பார்க்கிறது. திறந்தவெளிகளின் அழகைச் சிதைப்பதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அது சுவரைக் காக்கும், பார்ப்பவரின் மனத்தைக் காக்காது. அந்தப் பொறுப்பு வடிவமைப்பாளருடையது.

பொறுப்பு அதோடு முடியவில்லை. தமிழ்ப் பேய்ப்பட விளம்பரத்தில் பேய் பெரும்பாலும் பெண். வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல். வாழ்நாளில் கொடுமைக்கு ஆளானவள் செத்த பிறகும் மிரட்சிப் பொருளாகச் சுவரில் தொங்குகிறாள். தீக்காயம் பட்ட முகம், ஊனமுற்ற உடல், திருநங்கையின் தோற்றம் ஆகியவற்றை அச்சத்துக்குக் குறுக்கு வழியாகப் பயன்படுத்திய விளம்பரங்களும் உண்டு. தொல்காப்பியக் கணக்கில் பார்த்தால் இவை அச்சத்தில் சேரா. மூப்பு, பிணி போன்றவற்றில் பிறக்கும் இளிவரல் என்னும் அருவருப்பைச் சேர்ந்தவை. இளிவரலை அச்சமாக விற்பது கலைக் குறைபாடு. உயிரோடு இருக்கும் மனிதர்களைத் தெருவில் மற்றவர்கள் பார்த்து ஒதுங்கும்படி செய்வதால் அது அறக் குறைபாடும்கூட. 'ரோஸ்மேரிஸ் பேபி'யின் குழந்தை வண்டி யாரையும் இழிவுபடுத்தாமல் அரை நூற்றாண்டுக்கு மேலாக அச்சுறுத்திக்கொண்டே இருக்கிறது. நல்ல வடிவமைப்புக்கு இந்தக் குறுக்கு வழிகள் தேவையில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

முகம் திரும்பி வந்த கதை

2005-ல் பி. வாசுவின் 'சந்திரமுகி', 2007-ல் ராகவா லாரன்ஸின் 'முனி', 2011-ல் 'காஞ்சனா', 2014-ல் 'யாமிருக்க பயமே', சுந்தர் சி.யின் 'அரண்மனை' என்று பேயும் சிரிப்பும் கலந்த படங்கள் வரிசையாக வென்றபோது, பழைய சிக்கலுக்குத் தமிழ் சினிமா ஒரு சுலபமான விடையைக் கண்டது: முகங்களை மறைக்க வேண்டாம், எல்லா முகத்தையும் காட்டலாம். நாயகன், இரண்டு நாயகிகள், நகைச்சுவை நடிகர்கள் என்று ஒரு பட்டாளமே முன்னால் நிற்க, பின்னால் பெரிய வீடும் நிலவும். அரசின் வரிக் கொள்கைக்கும் இதில் பங்கு உண்டு. 2011 முதல் கேளிக்கை வரி விலக்குக்குத் தமிழ்த் தலைப்போடு 'யு' சான்றிதழும் நிபந்தனையானது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை அந்த நிபந்தனை தயாரிப்பாளர்களைக் குடும்பத்தோடு பார்க்கும் படங்களின் பக்கம் தள்ளியது. குடும்பத்தை அழைக்கும் சுவரொட்டி பயமுறுத்தத் தயங்கும்.

அதே காலத்தில் எதிர்த் திசையிலும் படங்கள் வந்தன. அறிவழகனின் 'ஈரம்' (2009) தண்ணீரையும் சிவப்பையும் அச்சத்தின் அடையாளமாக்கியது. கார்த்திக் சுப்பராஜின் 'பீட்சா' (2012) பேய்க்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தின்பண்டத்தின் பெயரோடு வந்தது. மிஷ்கினின் 'பிசாசு' (2014) அச்சத்துக்குள் இரக்கத்தை வைத்தது. பெரிய நட்சத்திரம் இல்லாத இந்தப் படங்களுக்குக் காட்ட முகம் இல்லை. அந்த இல்லாமை வடிவமைப்பாளருக்குச் சுதந்திரமாக மாறியது.

இப்போது சுவரின் இடத்தைக் கைபேசி பிடித்துவிட்டது. அரக்கோணம் மின்சார ரயிலில் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பவர்கள் குறைந்து, திரையைத் தள்ளிக்கொண்டே போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கட்டைவிரல் அளவுள்ள படத்துக்குக் கிடைப்பது 5 நொடிகூட இல்லை. அந்த அளவில் வீடும் நிழலும் குழம்பிப்போகும். முகம் மட்டுமே தெரியும் என்பதால் ஓடிடி தளங்கள் மறுபடி முகத்துக்கே திரும்புகின்றன. மோஷன் போஸ்டரில் கண் திறக்கிறது, கதவு அசைகிறது. எல்லாவற்றையும் அசைத்துக் காட்டிய பிறகு பார்ப்பவரின் கற்பனைக்கு மிஞ்சுவது குறைவு.

இத்தனை படங்களுக்கும் முகமாக இருந்த விளம்பரத்தை உருவாக்கியவர்களின் வரலாறு நம்மிடம் சிதறிக் கிடக்கிறது. பிரெமிண்டா ஜேக்கப்பின் 'செல்லுலாய்ட் டெய்ட்டீஸ்' (2009) போன்ற ஆய்வுகள் சென்னை பேனர் ஓவியர்களைப் பதிவு செய்தன. கோவையின் ஓவியர் ஜீவா போன்றவர்கள் உள்ளிருந்து எழுதினார்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் பழைய பாட்டுப் புத்தகங்களையும் விளம்பரங்களையும் காக்கின்றன. ஆனால் சேமிப்பவர்களின் கவனம் பெரும் நட்சத்திரங்களிடமே போகிறது. ஒரு வாரம் ஓடிய பேய்ப்படத்தின் இரு வண்ணச் சுவரொட்டியை யாரும் எடுத்து வைப்பதில்லை. வடிவமைப்புச் சிக்கலுக்கு மிகத் துணிச்சலான விடைகள் கிடைத்ததோ அத்தகைய தாள்களில்தான்.

செய்ய வேண்டியவை எளியவை. மாவட்ட அளவில் பழைய தியேட்டர்காரர்களிடமும் விநியோகஸ்தர் அலுவலகங்களிலும் மிஞ்சியிருக்கும் சுவரொட்டிகளை ஸ்கேன் செய்து வைக்க வேண்டும். ஒட்டியவர்களிடமும் எழுதியவர்களிடமும், அவர்கள் இருக்கும்போதே, வேலைமுறையைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். கவின்கலைக் கல்லூரிகளில் தலைப்பெழுத்து ஒரு பாடமாக வேண்டும். இனி வரும் ஒவ்வொரு சுவரொட்டியிலும், நாவல் அட்டையிலும், வடிவமைத்தவரின் பெயர் படிக்கும் அளவில் அச்சாக வேண்டும். பெரிய முகத்தைப் பெரிதாக வைக்கப் பணம் போதும். முகமே இல்லாமல் ஒரு ஊரை நிறுத்திப் பார்க்க வைக்கக் கலை வேண்டும். தமிழ்ப் பேய்ப்படச் சுவரொட்டிக்காரர்கள் அந்தக் கலையைக் கைக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தமிழ் ஓவிய வரலாற்றுக்குள் முறையாகக் கொண்டுவருவது நம் தலைமுறையின் வேலை.